படுத்திருந்தவளுக்கு எடுத்த அளவு

காலையில் மாட்டிவிட்டுப் போன குர்தி மதியம் வந்து பார்த்தபோது இடுப்பில் லூசாக இருந்தது.

டெல்பின் முதலில் துணியைத்தான் சந்தேகப்பட்டாள். உறையூர்க் கைத்தறி. தண்ணீரில் போட்டால் சுருங்கும், உடம்பில் போட்டு நாலு நாள் நடந்தால் தளரும். சும்மா நிற்கிற பொம்மையின் மேல் சும்மா தொங்கிக்கொண்டே தளர்ந்த துணியை அவள் இத்தனை வருஷத் தையலில் பார்த்ததில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை உருவிப் பொம்மையின் இடுப்பைச் சுற்றினாள். ஒரு அங்குலம் குறைந்திருந்தது. டேப்பைத் திருப்பிப் போட்டு மறுபடி சுற்றினாள். அதே ஒரு அங்குலம். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தளம் காய்ந்து, கீழே அந்தச் சின்ன அறை முழுக்கச் சூடேறிய ஃபோம் வாசனையும் கஞ்சித்துணி வாசனையும் அடைந்து கிடந்தன. வெளியே தஞ்சாவூர் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பக்கத்து அறையில் மகள் பிரான்சி தூங்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அடைத்த துணி அழுந்தியிருக்கும் என்று டெல்பின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறென்ன சொல்லிக்கொள்ள முடியும்?

அந்தப் பொம்மையை அவள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. வம்பே வேண்டாம் என்று வாங்கினாள். புருஷன் ஜோஸ் துபாய்க்குப் போய், அங்கேயே வேறொரு குடும்பமும் ஆகிப்போன பிறகு, காட்டூரில் அவன் வீட்டு மாடியில்தான் டெல்பினும் மகளும் காலம் தள்ளினார்கள். கீழ்வீட்டில் ஜோஸின் அக்கா லூர்துராணி. மாடிப்படியில் இறங்கினால் எங்கே போற, ஏறினால் யாரைப் பார்த்துட்டு வர்ற. மகளைக் கூட்டிக்கொண்டு என்றைக்காவது தனியாகப் போய்விட வேண்டும் என்பதற்காகவே டெல்பின் கண் எரிய எரியக் கையால் பூத்தையல் போட்டாள், அந்தக் குர்திகளை இன்ஸ்டாகிராமில் விற்கப் பார்த்தாள். கட்டிலில் விரித்துப் படம் எடுத்துப் போட்டபோது ஒருத்தரும் சீண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்சி அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனாள். லூர்துராணி அதைப் படம் பிடித்துத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். குர்திகள் விற்றுத் தீர்ந்தன. கூடவே முன்பின் தெரியாத ஆண்களின் மெசேஜ்களும் வந்தன. அவை குர்தியைப் பற்றியவை அல்ல.

பிரான்சி அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். அன்றையிலிருந்து தொளதொள டி-ஷர்ட்டைத் தவிர எதையும் போடுவதில்லை.

“என் உடம்பு உன் கடை இல்லம்மா,” என்றாள். வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் அம்மாவை நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். டெல்பினும் மனசாரத்தான் சத்தியம் செய்தாள்.

பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு சந்தில், ஜவுளிக்கடைகளுக்கு வேண்டிய ஹேங்கரும் ஸ்டாண்டும் விற்கிற இம்தியாஸின் கடையில் பொம்மைகள் வரிசையாக நின்றன. பளபளக்கிற வெள்ளை ஃபைபர் பொம்மைகளுக்கு முட்டை முட்டையாகத் தலை. சிலதுக்கு வெள்ளைக்காரி மூக்கு, நீலக் கண். வயிறு என்ற ஒன்று இருந்த அடையாளமே இல்லை.

“இதெல்லாம் சோத்தையே பாத்ததில்லை போலிருக்கே தம்பி,” என்றாள் டெல்பின்.

இம்தியாஸ் சிரித்தான். “ஆன்லைனுக்குத்தானேக்கா? தலையில்லாதத எடுங்க. தலை இருந்தா ஜனங்க துணியப் பாக்க மாட்டாங்க, மூஞ்சியத்தான் பாப்பாங்க.”

அந்தக் காரணம் அவளுக்குப் பிடித்துவிட்டது. மூலையில் ஒன்று தனியாக நின்றது. இடுப்புவரைதான் உடம்பு, தலையும் கையும் கிடையாது, கீழே ஒரு இரும்புக் கம்பி. ஃபோம் உடம்பின் மேல் சந்தன நிறத் துணி போர்த்தித் தைத்திருந்தார்கள்.

“ஃபைபர்ல குண்டூசி இறங்காது. இது தையக்காரங்களுக்கானது. எவ்வளவு வேணா குத்துங்க, தாங்கும்,” என்றான் இம்தியாஸ்.

ஆட்டோவில் அதை மடியில் சாய்த்துக்கொண்டு வந்து இறங்கியபோது லூர்துராணி வாசலில் நின்றிருந்தாள்.

“வீட்ல குத்துக்கல்லாட்டம் ஒரு பொண்ண வச்சுகிட்டு, தலையில்லாத முண்டத்தப் போய்த் தூக்கிட்டு வர்றியே டெல்பின். உனக்கென்ன கிறுக்கா?”

“இருக்கட்டும் அண்ணி,” என்று மட்டும் சொல்லிவிட்டு டெல்பின் படியேறினாள்.

ஆனால் படம் சரியாக வரவில்லை. துணி அழகாகத்தான் இருந்தது, தையல் நேர்த்தியாகத்தான் இருந்தது, இருந்தும் பொம்மையின் மேல் ஏறியதும் எல்லாம் செத்துப்போயிற்று. ஸ்ரீரங்கத்தில் தெற்கு உத்தர வீதியில் வீட்டிலிருந்தபடியே துணி விற்கிற பெரிய இன்ஸ்டாகிராம் பேஜ் ஒன்றை நடத்துகிறவர் மணிமேகலை. வெளிநாடுகளுக்கெல்லாம் பார்சல் போகும். காவிரிப் பாலம் தாண்டிப் போய் அவரிடம் துணிகளையும் படங்களையும் காட்டினாள் டெல்பின். அவர் தையலைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு போனை வாங்கிப் படங்களைத் தள்ளினார்.

“தையல் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குங்க. படம்தான்… தப்பா எடுத்துக்காதீங்க, பொணத்துக்குப் போட்டு வச்ச மாதிரி இருக்கு. ஒரு உடம்புல நிக்கிற மாதிரி எடுத்து அனுப்புங்க. அப்புறம் நீங்க தைக்கிற அத்தனையும் நானே எடுத்துக்கறேன்.”

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் டெல்பினுக்கு ஒரே நினைப்பு. இது மட்டும் அமைந்தால் தனி வீடு. லூர்துராணியின் குரல் கேட்காத ஒரு வீடு. பிரான்சி பால்கனியில் இஷ்டம்போல் நிற்கலாம். பொம்மைக்கு வேண்டியது ஒரு நிஜ உடம்பின் அளவு, அவ்வளவுதான். பழைய சுடிதார் எதையாவது வைத்து அளவு பார்க்கலாம் என்றால், எல்லாம் பிரான்சிக்குச் சின்னதாகிப் போனவை. நின்று அளவு கொடு என்று கேட்டால் அவள் சத்தியத்தை நினைவுபடுத்துவாள். டேப்தானே, கேமராவா? அளவுதானே, உடம்பா? டெல்பின் தன்னோடு தானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்தாள்.

ஞாயிறு மதியம். கறிச்சோறு தின்ற மயக்கத்தில் பிரான்சி பாயில் குப்புறப் படுத்துத் தூங்கினாள். டெல்பின் மண்டியிட்டு, டேப்பின் நுனியை அவள் வயிற்றுக்கும் பாய்க்கும் நடுவில் பாம்புக்குட்டி போல மெல்ல நுழைத்து, அந்தப் பக்கம் இழுத்தாள். தோள், மார்பு, இடுப்பு, முதுகின் நீளம். பிரான்சி ஒருமுறை உடம்பைக் குலுக்கினாள். விழிக்கவில்லை.

டேப்பைச் சுருட்டும்போதுதான் அது ஞாபகம் வந்தது. டெல்பின் தொழில் பழகியது மேலப்புதூரில் ஒரு தையல்கடையில். அடுத்த கடை அமிர்தராஜின் சவப்பெட்டிக் கடை. சாவு விழுந்த வீட்டுக்குச் சணல் கயிறோடு போய், கிடத்தியிருப்பவரின் நீளத்துக்கும் தோளுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவார். அதனாலேயே தையல்கடையில் யாரும் படுத்திருப்பவர் மேல் டேப் போட மாட்டார்கள். கைக்குழந்தைக்குச் சட்டை என்றாலும் இரண்டு பேராகத் தூக்கி நிறுத்திப் பிடித்துத்தான் அளவெடுப்பார்கள். “நிக்கிறவங்க உங்க கணக்கு, படுத்தவங்க என் கணக்கு,” என்று அமிர்தராஜ் டீ குடித்துக்கொண்டே சொல்லுவார். கடையே சிரிக்கும்.

டெல்பினும் இப்போது சிரித்துக்கொண்டாள். பிரான்சியின் பழைய துப்பட்டாக்களைச் சுருட்டிச் சுருட்டிப் பொம்மையின் மேல் சுற்றினாள், மார்பிலும் இடுப்பிலும் அடைத்து அடைத்து டேப்போடு ஒப்பிட்டாள். அதன்மேல் இறுக்கமாக ஓர் உறை தைத்துப் போட்டு, முதுகின் நடுவில் நெருக்கமாகக் கைத்தையல் போட்டு மூடினாள். குர்தியை மாட்டி, தொளதொளப்பைப் பின்னால் பிடித்து வரிசையாகக் குண்டூசி குத்தினாள். படத்தில் பின்பக்கம் தெரியப்போவதில்லை. எல்லா ஜவுளிக்கடையிலும் செய்கிற வேலைதான்.

படத்தைப் பார்த்ததும் மணிமேகலை வாய்ஸ் மெசேஜே அனுப்பினார். “இப்பதாங்க உயிர் வந்திருக்கு.”

அதெல்லாம் போன வாரம். இன்றைக்கு இடுப்பு ஒரு அங்குலம் குறைந்து நிற்கிறது. டெல்பின் உறையின் ஓரத்தைப் பிரித்து, மிச்சமிருந்த மஞ்சள் துப்பட்டா ஒன்றை விரலால் தள்ளித் தள்ளி உள்ளே அடைத்தாள். அளவு பழையபடி வந்ததும் தைத்து மூடினாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பிரான்சி இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டாள்.

“ரெண்டு நாளா நீ ஒண்ணுமே சாப்பிடலையே? இடுப்பெல்லாம் எங்க போச்சு?”

“பசிக்கலம்மா. இன்னிக்கு என்னமோ வயிறு கம்முனு இருக்கு. துணிய அடைச்ச மாதிரி.”

டெல்பின் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துக் கழுவினாள். பெண் எதையாவது சொல்லும், அதற்கெல்லாம் அர்த்தம் பார்க்க முடியுமா?

மறுநாள் கரண்ட் போனது. ஃபேன் ஓய்ந்ததும் வீடு குடத்துக்குள் இருப்பது போல அடைத்துக்கொண்டது. ஒரு இலை அசையவில்லை. ஜன்னல் திரை அசையவில்லை. பொம்மை மேலிருந்த பச்சைக் குர்தியின் கழுத்துப் பூவேலை மட்டும் லேசாக ஏறியது. இறங்கியது. ஏறியது. டெல்பின் ஊசியைக் கையில் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையிலிருந்து பிரான்சியின் மூச்சு கேட்டது. அது ஏறும்போது இது ஏறியது. எழுந்துபோய்ப் பொம்மையின் தோளில் கை வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. வெயிலுக்கு எல்லாம்தான் சுடுகிறது, கத்திரிக்கோல் கூடத்தான் சுடுகிறது என்று நினைத்துக்கொண்டே பிரான்சியிடம் போய் அவள் தோளைத் தொட்டாள்.

சில்லென்று இருந்தது. அந்த வெயிலில் பிரான்சி போர்வை போர்த்திப் படுத்திருந்தாள்.

“அம்மா, முதுகுல என்னமோ குத்துது. பாரேன்.”

டி-ஷர்ட்டைத் தூக்கிப் பார்த்தாள். முதுகுத்தண்டு வழியே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரே இடைவெளியில்.

“வேர்க்குருடி,” என்றாள் டெல்பின். அவள் குரல் அவளுக்கே நம்பிக்கையாக இல்லை. “பவுடர் போட்டு விடறேன்.”

வேர்க்குரு வரிசையில் வருமா? தையக்காரியின் கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியாதா? இரண்டு விரல் விட்டு ஒரு ஊசி, இரண்டு விரல் விட்டு ஒரு ஊசி. அது அவள் கைப்பழக்கம். தன் கையெழுத்தைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். பவுடர் போட்டுவிட்டு வந்தாள்.

அப்போதே அந்தப் பொம்மையைப் பிரித்துப் போட்டிருக்கலாம். கையும் போனது. குண்டூசித் தலையைப் பிடித்தும் விட்டாள். அந்த நேரம் பார்த்து மணிமேகலையின் மெசேஜ் வந்தது. பச்சை போதும், மீதிக் கலர்களையும் சாயங்காலத்துக்குள் அனுப்பினால் இன்றைக்கே பேஜில் போட்டுவிடலாம் என்றிருந்தது. டெல்பின் அதை நின்றபடியே படித்தாள். இன்றைக்கு மட்டும். இந்தக் கலர்கள் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிடலாம். தனி வீடு யாருக்காக? அவளுக்காகத்தானே.

பச்சையைக் கழற்றி நீலத்தை மாட்டினாள். பின்னால் பிடித்து ஊசியை வைத்தாள். வழக்கத்தைவிட மெதுவாகக் குத்தினாள்.

“ஸ்ஸ்…” என்றது பக்கத்து அறை.

டெல்பின் நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை.

அடுத்த ஊசியைக் குத்தினாள்.

“அம்மா!”

“இதோ முடிஞ்சுதுடா செல்லம். இதோ வந்துட்டேன்.”

நீலம் முடிந்து அரக்கு. அரக்கு முடிந்து கருப்பு. பக்கத்து அறையில் முனகல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் பழகிப்போனவர்கள் விடுகிற மூச்சாக மட்டும் ஆகிவிட்டது. டெல்பினுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கை நிற்கவில்லை. இதற்குள் கரண்ட் வந்திருந்தது. படம் எடுக்க வைத்திருந்த வட்ட ரிங் லைட் வெளிச்சத்தில் படங்கள் அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே அழகாக வந்தன. எல்லாவற்றையும் அனுப்பினாள்.

சர்ச்சில் சாயங்கால மணி அடித்தது. கரண்ட் மறுபடி போனது.

இப்போது அவசரம். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஒன்றை உருவ, பக்கத்து அறையில், “ஹப்பா…” அடுத்ததை உருவ, “ஹப்பா…” டெல்பினுக்கு உயிர் வந்தது. மாதாவே, சரியாகிறது. திருப்பி எடுத்தால் சரியாகிறது. அளவை எடுத்ததுதானே தப்பு, அளவையே அழித்துவிட்டால்? கருப்புக் குர்தியை உருவிப் போட்டாள். தையல்பெட்டியில் கிடந்த பாதி பிளேடை எடுத்து, உறையின் முதுகுத் தையலில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நூல்கள் பட்பட்டென்று தெறித்தன. மஞ்சள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அது சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. வியர்த்த உடம்பிலிருந்து அப்போதுதான் அவிழ்த்த துணி போல. அடுத்தது. அடுத்தது. மார்பிலிருந்து, தோளிலிருந்து, அடிவயிற்றிலிருந்து. கை விட்டுத் துழாவினாள். கடைசிக் கந்தலையும் இழுத்துத் தரையில் போட்டாள். பொம்மை பழைய ஒல்லிப் பொம்மையானது.

“பிரான்சி!”

“அம்மா.”

குரல் தெளிவாக இருந்தது. வலி இல்லாத குரல். டெல்பின் மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பிரான்சி குப்புறப் படுத்திருந்தாள். முகம் ஒருபக்கமாகத் திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. போர்வைக்கடியில் மேடு எதுவும் இல்லை. தலை இருந்தது. அதன்கீழ்ப் போர்வை பாயோடு பாயாகக் கிடந்தது.

டெல்பின் போர்வையை விலக்கினாள். டி-ஷர்ட்டை விலக்கினாள்.

புள்ளிகளின் வழியே முதுகு பிரிந்திருந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை. நேராக. ஒரு சொட்டு ரத்தமில்லை. இரு ஓரங்களிலும் அறுந்த நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. டார்ச்சைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

“எழுந்திரிக்க முடியலம்மா,” என்றாள் பிரான்சி. “என்னை நிக்க வையேன்.”

டெல்பின் எப்படி அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. சூடு ஆறுவதற்குள் துப்பட்டாக்களை அள்ளி வந்தாள். எது எங்கே இருந்தது? மஞ்சள் வயிற்றில். வெள்ளை தோளில். அடைத்தாள். ஊசியில் நூல் கோத்தாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தைத்தாள். பிரான்சி வலிக்கிறது என்று சொல்லவேயில்லை. தைத்து முடித்துத் தூக்கியபோது காற்றுப் போல இருந்தாள். கால்கள் நிலைக்கவில்லை. விட்டால் மடிந்தாள். பிடித்தால் நின்றாள். எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியும்?

பொம்மையைக் கம்பியிலிருந்து கழற்றி மூலையில் போட்டாள். மகளைத் தூக்கிவந்து அந்தக் கம்பியில் பொருத்தி நிற்க வைத்தாள். முதுகு தெரியக் கூடாது என்று கருப்புக் குர்தியை எடுத்து மகளுக்குப் போட்டுவிட்டாள்.

கரண்ட் வந்தது. ரிங் லைட் பளீரென்று எரிந்தது. படியில் செருப்புச் சத்தம்.

“கரண்ட் வந்தாச்சா டெல்பின்? கொஞ்சம் இஞ்சி…” லூர்துராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். படத்துக்காகக் கட்டியிருந்த வெள்ளைத் திரைக்கு முன்னால், வெளிச்சத்தின் நடுவில், பிரான்சி கருப்புக் குர்தியில் நின்றிருந்தாள். அளவு அவ்வளவு கச்சிதம். எங்கும் ஒரு குண்டூசி தேவைப்படவில்லை.

“அடியாத்தி! என்னமா இருக்கா பாரு. இதத்தானே நான் அப்பவே சொன்னேன்? ஒரு பொம்மைக்குப் போய் எவ்ளோ அலைஞ்ச!”

லூர்துராணி இடுப்பிலிருந்த போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

“ஸ்டேட்டஸ்ல வைக்கிறேன். கொஞ்சம் ஆடாம நில்லுடி கண்ணு.”

பிரான்சி ஆடாமல்தான் நின்றாள். கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தன.